பின்னட்டையில் நான்கு பல் தடங்கள்

அன்றைக்கு அந்தக் கார்டில் இன்னும் ஒரு வரி எழுதியிருக்க வேண்டுமா, வேண்டாமா? ஐந்து வருடமாக எனக்கு இதற்குப் பதில் தெரியவில்லை.

கார்டு என்றால் நூலகக் கார்டு. உள்ளங்கை அகலம்தான். அதில் நான் எழுதாமல் விட்ட வரி, இப்போது ஒரு பேராசிரியரின் புத்தகத்தில் வேறு விதமாக அச்சேறப் போகிறது. அது சரிதான் என்று நான் கையெழுத்துப் போட வேண்டுமாம். அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் அந்த மத்தியானம்.

மழை நசநசவென்று பெய்துகொண்டிருந்தது. ஜன்னலுக்கு வெளியே சில்வர் ஓக் மரங்கள் பாதி தெரிந்தன, பாதி பனிக்குள் இருந்தன. அடுப்பைச் சுற்றிக் கொடி கட்டிக் குழந்தைத் துணி காயவைத்ததைப் போன வாரம் எழுதினேனே, அதே மழைக்காலம்தான். அதைப் படித்துவிட்டு ஆத்தூரிலிருந்து ஒரு வாசகி, இஸ்திரிப் பெட்டி உங்களுக்குத் தோன்றவே இல்லையா என்று கேட்டிருக்கிறார். தோன்றியது. கரண்ட் இல்லை.

ஹாலில் ஜமுக்காளம் விரித்து, அதன் மேல் துவைத்த தலையணை உறை போட்டு, அதன் மேல் அந்தப் புத்தகத்தை வைத்திருந்தேன். இருநூறு வருடத்துக்கு மேல் வயது இருக்கும் என்று எங்கள் சர்ச் ஃபாதர் சொன்ன ஜெபப் புத்தகம். எங்கள் வீட்டு மேஜை ஆடும். அதனால் தரையிலேயே உட்கார்ந்து ஸ்கேலால் அளந்துகொண்டிருந்தேன். இரண்டு கை தூரத்தில் என் மகள் யாழினி, பத்து மாதக் குழந்தை, கிலுகிலுப்பையோடு இருந்தாள்.

சமையலறையில் பால் பொங்கும் சத்தம் கேட்டது. ஓடிப்போய் அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினேன். முப்பது எண்ணுவதற்குள் வந்திருப்பேன்.

கிலுகிலுப்பை ஜமுக்காளத்தில் தனியாகக் கிடந்தது. புத்தகத்தின் பின்னட்டை மூலை யாழினியின் வாயில் இருந்தது. முறுக்குக் கடிப்பவர்களுக்கு வருமே ஒரு கவனம், அது அவள் முகத்தில் இருந்தது.

விரலை விட்டு மூலையை விடுவித்தேன். நுனியில் நகக்கண் அளவு தோலைக் காணோம். அதை ஒட்டி அட்டையின் வெளிப்புறம் இரண்டு குழிகள், உட்புறம் இரண்டு குழிகள். அவளுக்கு அப்போது இருந்த பற்களே மொத்தம் நான்குதான்.

கார்டு எழுதும் வேலை

நான் சேலத்தில் நூலகப் படிப்பு படித்தவள். கல்யாணமாகி மலைக்கு வந்தேன். என் கணவர் செந்தில் எஸ்டேட்டில் ரைட்டர். ஆட்களின் வருகையும் காப்பிப் பழத்தின் எடையும் அவர் பொறுப்பு. குழந்தை பிறந்த பிறகு ஏற்காட்டில் ஒரு சர்ச் பள்ளிக்கூட நூலகத்தில் எனக்கு அரை நாள் வேலை கிடைத்தது.

அந்த வருடம் சர்ச் திருவிழாவை ஒட்டிப் பழைய புத்தகக் கண்காட்சி வைப்பதாக ஏற்பாடு. மலையில் உள்ள குடும்பங்களிடம் இரவல் கேட்டார்கள். பத்துப் பதினைந்து புத்தகங்கள் வந்தன. மிகப் பழையது வெள்ளக்கடை என்ற ஊரிலிருந்து செசிலி அக்கா கொண்டுவந்தது. அவர் காப்பித் தோட்டத்தில் பழம் பறிக்கிறவர். புத்தகத்தை ஈரம் படாமல் துண்டில் சுற்றி, மடியில் வைத்து பஸ்ஸில் வந்திருந்தார்.

"பத்தரமா வெச்சுக்கோங்க டீச்சர்" என்றார். நான் டீச்சர் இல்லை. ஆனால் எங்கள் மலையில் பேனா வைத்திருக்கும் பெண்கள் எல்லாருமே டீச்சர்தான்.

ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஒரு கார்டு எழுத வேண்டும் என்றார் ஃபாதர். அளவு, கட்டுமானம், உடையவர் அடையாளம், சேதம் என்று நான்கு இடங்கள். யாழினிக்குச் சளி இருந்ததால், ஒரே ஒரு நாள் வீட்டுக்கு எடுத்துப்போய் எழுதட்டுமா என்று கேட்டேன். "நீங்க பாத்துக்குவீங்க" என்று உடனே கொடுத்துவிட்டார். யோசித்துக் கொடுத்திருந்தால் எனக்கு இவ்வளவு உறுத்தியிருக்காது.

புத்தகம் ஆட்டுத் தோல் போர்த்தியது. முதுகில் நான்கு புடைப்புகள். உள்ளே கயிறு வைத்துத் தைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அட்டையின் ஓரத்தில் சூடு வைத்து இழுத்த இரட்டைக் கோடு. தலைப்புப் பக்கம் கிழிந்துபோனதால் ஊரும் வருடமும் இல்லை. எழுத்துக்களில் புள்ளியே கிடையாது. மெய் எது, உயிர்மெய் எது என்று நாமாகத்தான் ஊகிக்க வேண்டும். ஒரு பக்கத்தை எழுத்துக்கூட்டி வாய்விட்டுப் படித்தபோது யாழினி சந்தோஷமாகக் கை தட்டினாள். அவள் பேச்சு மாதிரியே கேட்டிருக்கும்.

முன்னட்டையின் உள்பக்கம் பழுப்பு மையில், இது சவரிமுத்துவின் பொஸ்தகம், கண்டெடுத்தவர் திருப்பித் தந்தால் புண்ணியம் என்று எழுதியிருந்தது. அதன் கீழே ஏழு சிலுவைகள். ஏழும் ஏழு கை. ஒன்று நேராக, ஒன்று காற்றில் சாய்ந்த மரம் மாதிரி, ஒன்று நடுங்கி. கடைசியில் ஏதோ ஒரு எஸ்டேட் ஆபீஸின் ஊதா முத்திரை, தலைகீழாக.

எல்லாவற்றையும் எழுதினேன். முன்னட்டையில் பூச்சி துளைத்த ஓட்டைகளை எண்ணி ஒன்பது என்றும் எழுதினேன். இப்படி எழுதியதுதான் பின்னால் என்னை மாட்டிவிட்டது.

டம்ளரில் வெட்டிய பேர்

புத்தகத்தில் பேர் எழுதுவது பெரிய வீட்டுப் பழக்கம் என்று அதுவரை நினைத்திருந்தேன். யோசித்துப் பார்த்தால் நாம் பேர் போடாத பொருள் எது?

என் கல்யாணத்துக்கு வாங்கிய பாத்திரங்களில் எல்லாம் அம்மா பேர் வெட்டச் சொன்னார். சேலத்துக் கடையில் ஒருவர் பல் டாக்டர் மாதிரி ஒரு கருவியை வைத்துக்கொண்டு, தட்டு, டம்ளர், கரண்டிக் காம்பு வரை விர்ரென்று வெட்டித் தள்ளினார். ஒரு அண்டாவில் மட்டும் அவசரத்தில் வேறு யாருடைய பேரோ விழுந்துவிட்டது. இன்றைக்கும் எங்கள் வீட்டில் தண்ணீர் பிடிப்பது 'கு. ராஜேஸ்வரி'யின் அண்டாவில்தான். அவர் யாரென்று தெரியாது. எங்கேயோ அவர் வீட்டில் என் பேர் போட்ட அண்டா இருக்கும் என்று நினைத்துக்கொள்வேன்.

அதேபோல் ஜூன் மாதம் வந்தால் நோட்டுக்குக் காக்கி அட்டை, லேபிள். ஆறாம் வகுப்பில் நான் லேபிளில் பேர், வகுப்பு, தெரு, சேலம், தமிழ்நாடு, இந்தியா, உலகம் வரை எழுதி, இடம் போதாமல் பிரபஞ்சத்தை அட்டையின் பின்பக்கம் எழுதினேன். சவரிமுத்து பரவாயில்லை. புண்ணியத்தோடு நிறுத்திக்கொண்டார்.

நீலம் தெரிகிறதா

சரி, மத்தியானத்துக்கு வருகிறேன்.

முதலில் எனக்குப் புத்தகம் நினைவுக்கு வரவே இல்லை. தின்ற தோல்தான் நினைவுக்கு வந்தது. கல்லூரியில் பைண்டிங் பற்றி ஒரே ஒரு பாடம். பூச்சி வராமல் இருக்கப் பசையில் மயில்துத்தம் கலப்பார்கள், அது விஷம், கவனமாகக் கையாள வேண்டும். பரீட்சையில் அந்தக் கேள்விக்கு எனக்கு முழு மதிப்பெண்.

எஸ்டேட் ஆபீஸுக்குப் போன் செய்தேன்.

"ஏனுங்க, பாப்பா பொஸ்தகத்தத் தின்னுட்டாளுங்க."

"எத்தன பக்கம்?" என்றார் செந்தில்.

நான் அழுத பிறகுதான் அவருக்கு விஷயம் புரிந்தது. பத்து நிமிடத்தில் ஸ்கூட்டரில் நனைந்துகொண்டு வந்தார். துத்தத்தையும் சுண்ணாம்பையும் கரைத்துக் காப்பிச் செடிக்கு மருந்தடிப்பது எஸ்டேட்டில் வருடா வருடம் நடக்கிற வேலை. துத்தத்தின் நீலம் அவருக்கு நன்றாகத் தெரியும். மூலையை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நீலம் ஒண்ணும் தெரியல சுமதி" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "ஆனா பழசுனா வெளுத்திருக்கும்" என்றார். இரண்டாவதை அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

பஜாரில் டாக்டரம்மாவிடம் ஓடினோம். "என்ன சாப்ட்டா?" என்றார். புத்தகம் என்றேன். "எத்தனாவது கிளாஸ் புத்தகம்?" என்று கேட்டுக்கொண்டே யாழினியின் வயிற்றை அமுக்கிப் பார்த்தார். அவள் கூச்சத்தில் சிரித்தாள். நாக்கு, கண் எல்லாம் பார்த்துவிட்டு, "நல்லா இருக்கா. ஆனா பசையில என்ன இருந்துச்சுனு தெரிஞ்சா நல்லது. வாந்தி எடுத்தா உடனே கூட்டிட்டு வாங்க" என்றார்.

பசையில் என்ன இருந்தது என்று இருநூறு வருடத்துக்கு முந்தைய பைண்டரை எங்கே போய்க் கேட்பது? செந்தில்தான் சொன்னார்: "செசிலியக்காவக் கேப்போம். நடுவுல யாராச்சும் ஒட்டியிருந்தா?"

வெள்ளக்கடையில்

ஸ்கூட்டரில் யாழினி எங்கள் இருவருக்கும் நடுவே ரெயின்கோட்டுக்குள் உட்கார்ந்து பாடிக்கொண்டே வந்தாள். நான் அவள் வாந்தி எடுக்கிறாளா என்று ஒவ்வொரு வளைவிலும் குனிந்து பார்த்தேன். மலைப்பாதையில் வாந்தி எடுத்தால் அது விஷமா, வளைவா என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்பது வேறு கவலை.

செசிலி அக்கா அப்போதுதான் தோட்டத்திலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார். எனக்கு நேராகச் சொல்ல வாய் வரவில்லை.

"ஏனுங்க அக்கா, அந்தப் பொஸ்தகத்த எப்பவாச்சும் யாராச்சும் ஒட்டுனாங்களா?"

"ஆமாங்க. பின்னட்டை மூலைய எங்க மாமனாரு ஒட்டுனாரு. நாங் கல்யாணமாயி வந்த புதுசு. மழையில தோலு கெளம்பிக்கிச்சு."

"எதுல ஒட்டுனாருங்க?"

"பசையிலதானுங்க."

"பசையில என்ன போட்டாருங்க?"

அவர் என்னைப் பார்த்தார். செந்திலைப் பார்த்தார். பிறகு ரெயின்கோட்டுக்குள் இருந்த யாழினியைப் பார்த்தார். "என்னாச்சு, சொல்லுங்க டீச்சர்."

நான் அழ ஆரம்பித்துவிட்டேன். செந்தில்தான் சொன்னார். பால், கிலுகிலுப்பை, கடி, டாக்டர், எல்லாம்.

செசிலி அக்கா யாழினியை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, கட்டை விரலால் கீழ் உதட்டை இறக்கிப் பல்லைப் பார்த்தார்.

"இந்த நாலு பல்லுலயா சாமி என்ற பொஸ்தகத்தக் கடிச்ச?" என்றவர், சிரிக்க ஆரம்பித்து, சிரிப்பு அடங்காமல் சுவரில் சாய்ந்துகொண்டார்.

"அக்கா, பசை" என்றேன்.

"கெழங்கு மாவுக் கஞ்சிங்க. பூச்சி புடிக்கக் கூடாதுன்னு பேர் சொல்லாததத் தட்டிப் போட்டுக் காய்ச்சுனாரு. நாந்தான் அடுப்புல நின்னு கிண்டுனேன்."

"துத்தம் போடலீங்களா?"

"துத்தமெல்லாம் செடிக்கு அடிக்கறதோட சரிங்க. சாமி பொஸ்தகத்துல யாராச்சும் வெசத்தக் கலப்பாங்களா?"

பேர் சொல்லாதது என்றால் வசம்பு. பொழுது சாய்ந்த பிறகு அதைப் பேர் சொல்லிக் கேட்கக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். வயிறு உப்பினால் குழந்தைக்கு உரைத்துக் கொடுக்கிற அதே வசம்பு. யாழினியின் கையைப் பார்த்தேன். நான் கட்டிவிட்ட வசம்பு வளையலில் ஒரு பக்கம் கடித்துக் கடித்து நார் நாராக இருந்தது. பையில் கூடவே கொண்டுவந்திருந்த புத்தகத்தை எடுத்து மூலையை முகர்ந்தேன். லேசாக, வளையலின் அதே வாசனை. குழந்தை தெரிந்த வாசனையைத் தேடிப் போயிருக்கிறாள்.

"கெழங்கு மாவு, வசம்பு" என்று செந்தில் விரல் விட்டார். "தோலு கூட ஆவாரம்பட்டையில பதப்படுத்துனதா இருக்கும்னு நீதான எழுதியிருக்கற. நாட்டு மருந்துக் கடைக்கே போயிருந்தாலும் இதவிட நல்லதாக் கெடச்சிருக்காது."

"பொழுது சாஞ்சு பேர் சொல்றீங்களே" என்று செசிலி அக்கா அவரை அதட்டினார்.

எழுதாத வரி

பயம் போனதும்தான் எனக்குக் கடமை ஞாபகம் வந்தது. ஃபாதரிடம் சொல்லிவிடுகிறேன், கார்டில் 'சேதம்' என்ற இடத்தில் எழுதிவிடுகிறேன் என்றேன்.

செசிலி அக்காவின் சிரிப்பு நின்றது.

"சேதம்னு எழுதாதீங்க டீச்சர்" என்றார். "முன்னட்டையில சிலுவை பாத்தீங்களா? எல்லாம் எங்க ஊட்டு ஆளுங்க. பேரெழுதத் தெரியாது. கையில பேனாவக் குடுத்து, தெரிஞ்சதப் போடுன்னு சொல்ல, போட்டது. உங்க புள்ளயும் அவளுக்குத் தெரிஞ்சதப் போட்டிருக்கறா. கொழந்த வாயி பட்டதப் போயி சேதம்னு எழுதுனா எங்க ஊட்டுக்கு ஆகாதுங்க."

"அப்ப எங்க எழுதறதுங்க அக்கா?"

"சிலுவைக்குக் கீழ எழுதுங்க."

கார்டில் அந்த இடத்துக்குப் பேர் உடையவர் அடையாளம். என் மகள் அந்தப் புத்தகத்துக்கு உடையவள் இல்லையே. அங்கே எழுதினால் பொய். சேதத்தில் எழுதினால் உடையவர் மனம் நோகும். இரண்டு நாள் பேனாவைத் திறந்து திறந்து மூடினேன். கடைசியில் இரண்டிலும் எழுதவில்லை.

செசிலி அக்காவுக்காகத்தான் எழுதவில்லையா? அல்லது "நீங்க பாத்துக்குவீங்க" என்ற ஃபாதரின் முகத்துக்குப் பயந்தா? நாளுக்கு ஒரு பதில் தோன்றுகிறது.

பேராசிரியரின் கடிதம்

கண்காட்சி முடிந்த பிறகும் செசிலி அக்கா புத்தகத்தை நூலகத்திலேயே விட்டுவைத்தார். வீடு ஒழுகுகிறது, கிறிஸ்துமஸுக்கு மட்டும் எடுத்துப்போவார்.

சில மாதம் முன்பு சென்னையிலிருந்து ஒரு பேராசிரியர் வந்தார். பழைய புத்தகங்களின் கட்டுமானத்தை ஊர் ஊராகப் போய் ஆராய்கிறவர். பூதக்கண்ணாடியை வைத்து அந்த மூலையை ஒரு மணி நேரம் பார்த்தார். நான் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் புத்தகம் கொடுத்துக்கொண்டிருந்தவள், தேதி முத்திரையை இரண்டு முறை கீழே போட்டேன். அவர் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். அவர் கேட்கவில்லை. போகும்போது, "பூச்சித் துளையைக்கூட எண்ணி எழுதியிருக்கீங்க. இப்படி ஒரு கார்டை நான் பார்த்ததே இல்லைம்மா" என்று கைகூப்பினார்.

இப்போது அவர் புத்தகத்தில் வரப்போகும் பக்கங்களை அனுப்பியிருக்கிறார். பின்னட்டை மூலையில் வெளிப்புறம் இரண்டு, உட்புறம் இரண்டு என நான்கு குழிகள். குறடு போன்ற கருவியால் இருபுறமும் ஒரே அழுத்தில் பதித்தவை. பைண்டரின் ரகசிய முத்திரையாக இருக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறார். அதற்கு அவர் காட்டும் சான்று நான்தான். துளைகளைக்கூட எண்ணிய நூலகர் இவற்றைச் சேதத்தில் சேர்க்கவில்லை, ஆகவே இவை ஆதியிலேயே இருந்தவை என்கிறார். பெயர் தெரியாத அந்தப் பைண்டருக்கு 'நாற்புள்ளிப் பட்டறை' என்று பேர் கூட வைத்துவிட்டார்.

ஓரத்தில் ஃபாதரின் குறிப்பு: சரிபார்த்து இந்த மாதக் கடைசிக்குள் கையெழுத்திடவும்.

படித்ததும் சிரிப்பு வந்தது. பிறகு பக்கங்களைக் கவிழ்த்து வைத்தேன். அவர் எவ்வளவு நல்லவர், எவ்வளவு நேரம் குனிந்து பார்த்தார்.

செசிலி அக்காவிடம் படித்துக் காட்டினேன். "அந்த ஐயாவுக்கு நொம்ப சந்தோசமாட்ட இருக்குது. இருந்துட்டுப் போகட்டுமுங்க" என்றார். "பட்டறைன்னா பட்டறைதான். உங்க ஊட்ல ஒரு புள்ளய வெச்சிருக்கறீங்களே, சத்தத்துக்கு அதுவே பட்டறைதானுங்க."

செந்தில் வேறு மாதிரி. "பத்திரிகையில ஊருக்கே எழுதறதுக்குப் பயமில்ல. ஒருத்தருக்கு லெட்டர் எழுதப் பயமா?" என்கிறார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் பத்திரிகையில் எழுதும்போது யாருடைய முகமும் எதிரில் இல்லை.

தீப்பெட்டிக்குள்

போன செவ்வாய்க்கிழமை இட்லி தின்னும்போது யாழினியின் கீழ்ப்பல் ஒன்று விழுந்தது. அடுத்த நாள் பக்கத்துப் பல்லும் விழுந்தது. இப்போது ஒன்றாம் வகுப்பு. விழுந்த பல்லைச் சாணியில் பொதிந்து ஓட்டின் மேல் எறிய வேண்டும், அப்போதுதான் புதுப் பல் வரும் என்று வகுப்பில் யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

நான் எறியவில்லை. இரண்டையும் தீப்பெட்டியில் பஞ்சு வைத்துப் பத்திரப்படுத்தினேன். வெள்ளிக்கிழமை சாப்பாட்டு நேரத்தில் நூலகக் கதவைச் சாத்திக்கொண்டு, புத்தகத்தை எடுத்து, ஒரு பல்லைக் குழியில் வைத்துப் பார்த்தேன். டப்பாவுக்கு மூடி மாதிரி உட்கார்ந்தது. இன்னொன்றும் உட்கார்ந்தது. பேராசிரியர் தேடும் கருவி என் உள்ளங்கையில் இருக்கிறது.

வாசகர்களே, உங்களைத்தான் கேட்க வேண்டும். பேராசிரியருக்கு உண்மையை எழுதிவிடத்தான் மனம் சொல்கிறது. ஆனால் அவர் கூச்சப்படாமல், செசிலி அக்காவின் சொல்லும் கெடாமல் எப்படி எழுதுவது? அந்த வரியைக் கார்டில் எந்த இடத்தில் சேர்ப்பது? கடிதத்தோடு இந்தப் பற்களையும் அனுப்பினால் மரியாதையாக இருக்குமா?

சீக்கிரம் எழுதுங்கள். தினமும் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும், "அம்மா, என்ற பல்லு எங்க?" என்று கேட்கிறாள். பத்திரமாக இருக்கிறது என்கிறேன். "பத்திரமா இருந்தா புதுப் பல்லு எப்படி வரும்?" என்கிறாள். நேற்று எங்கிருந்தோ ஒரு பிடி சாணி கொண்டுவந்து, வாசலில் கூரை ஓடுகளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.